எண்ணெய்ச் சட்டி ஏர் கிளீனர்

எங்கள் காரின் எஞ்சினை முதன்முறையாகப் பிரித்துப் போட்டபோது, அதை வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் பத்து வருடம் மண் லாரி ஓட்டிவிட்டு, சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய கறுப்பு வண்டி. சிதம்பரம் பக்கம் ஒரு டாக்டர் வைத்திருந்தது. பார்க்க உருண்டையாக, சாதுவாக இருக்கும். வாங்கிய புதிதில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மெல்ல எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை. கடைசியில் பெண்ணாடம் போகிற வழியில், ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற முடியாமல் நின்றுவிட்டது. வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்களாம். அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை.

ஜங்ஷன் ரோட்டில் பட்டறை வைத்திருந்த பாய்தான் எஞ்சினைப் பிரித்தார். நிதானமான மனிதர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். என் கணவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கீழே சாக்கின் மேல் பரப்பியிருந்த சாமான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிங்கு எல்லாம் தேஞ்சு போச்சு தங்கச்சி. போரும் தேஞ்சிருக்குது. கடைசல் போட்டுத்தான் ஆவணும்" என்றார் பாய். ரிங்கு என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், போர் என்பது பிஸ்டன் ஓடும் குழி, அந்தக் குழியை மறுபடி கடைந்து சமமாக்குவதுதான் கடைசல்.

"ஏன் பாய், இத்தினி சீக்கிரம் எப்படித் தேயும்?" என்று கேட்டேன்.

பாய் கார்புரேட்டர் வாயில் கட்டியிருந்த ஒரு துணியை எடுத்து வந்து, தன் உள்ளங்கையில் ஓங்கித் தட்டினார். வெள்ளையாகப் புழுதி கிளம்பியது.

அந்தத் துணி நாங்கள் வாங்கும்போதே வண்டியில் இருந்தது. பழைய வேட்டியை நாலாக மடித்துக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். எஞ்சின் பெட்ரோலோடு காற்றையும் உறிஞ்சித்தான் ஓடுகிறது. அந்தக் காற்றில் இருக்கும் தூசியை நிறுத்த ஏர் கிளீனர் என்று ஒன்று இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் அது எப்போதோ காணாமல் போய், அதற்குப் பதிலாகத்தான் வேட்டித் துணி. எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை.

"கடைசல் போட்டு, புது ரிங்கு போட்டுத் தரேன். ஆனா மூச்சு வுடுற வழியைச் சரி பண்ணலன்னா, அடுத்த வருஷம் இதே சாக்குல இதே சாமானைப் பாப்பீங்க" என்றார் பாய்.

அப்போது எங்கள் ஊர் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் நன்றாக நடந்த காலம். கரண்ட் கம்பத்துக்குப் போகும் பீங்கான், ஃப்யூஸ் கட்டை, பொம்மை, ஊறுகாய் ஜாடி என்று ஆளுக்கொன்று செய்தார்கள். வாடகைக்குக் கார் எடுப்பவர்களில் பாதிப் பேர் பட்டறை முதலாளிகள்தான். மண் பார்க்கப் போவார்கள். மண் வெட்டும் பள்ளம் வரைக்கும் வண்டி போக வேண்டும். முன்னால் ஒரு லாரி போனால், அது கிளப்பிவிடும் வெள்ளைப் புழுதியில் கண்ணே தெரியாது. கம்மாபுரம் பக்கம் போனால் கறுப்புப் புழுதி. எங்கள் வண்டி இரண்டையும் தின்றது.

பாய் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வண்டியோடு வரும் ஒரிஜினல் ஏர் கிளீனர். பெரிய இரும்புச் சட்டி மாதிரி இருக்கும். அடியில் எஞ்சின் ஆயில் ஊற்றி வைக்க வேண்டும். கனமானது. அந்த மாடல் வண்டி வருவது நின்றுவிட்டதால் மெட்ராஸில் தேடினாலும் கிடைப்பது சந்தேகம். இன்னொன்று, லோக்கலில் செய்து விற்கும் புது மாதிரி. எண்ணெய் எதுவும் வேண்டாம். கம்பி வலையைச் சுருட்டி வைத்து, மேலே நிக்கல் பூசிய மூடி போட்டது. கடலூரில் உடனே கிடைக்கும்.

"நீங்க எதைச் சொல்றீங்க பாய்?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒரிஜினல் கெடச்சா அதான் போடுவேன். கெடைக்கலன்னா இது. துணிக்கு இது எவ்வளவோ மேலு."

எஞ்சின் வேலை முடிந்த மறுநாளே என் கணவர் கடலூர் போய், மூடி பளபளக்கிற அந்தச் சாமானை வாங்கி வந்துவிட்டார். பாயே மாட்டிக் கொடுத்தார்.

மாட்டிய அன்று சாயங்காலம் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே எனக்குச் சத்தம் கேட்டது. முன்பு அது உறுமியதே இல்லை. இப்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தொண்டையைத் திறந்துகொண்டு ஒரு சத்தம் போட்டது. அவர் இறங்காமலே கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"ஏறு, ஏறு. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

ஆற்றுப் பாலம் வரை போனோம். முன்பு நின்றுபோன அதே ஏற்றத்தில் வண்டி குதித்துக்கொண்டு ஏறியது. "பாத்தியா பிக்கப்பு? மூணாவது கியர்லயே ஏறுது பாரு!" என்றார். சிரிப்பு அடங்கவே இல்லை. திரும்பி வரும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "லாரி ஓட்டுன வரைக்கும் ஒருத்தன் திரும்பிப் பாத்ததில்ல. இப்ப ரோட்ல போனா நாலு பேரு பாக்குறாங்க" என்றார். எனக்கு அது மனசைத் தொட்டது. கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவர் தனக்காகப் பெருமைப்பட்டு ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால்தான் மறுநாள் காலையில் பானட்டைத் திறந்து அந்த வலையைப் பார்த்தபோது, வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

நான் ஒரு பீங்கான் பட்டறையில் மண் சலிக்கும் பிரிவில் இருந்தேன். மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, ஒன்றைவிட ஒன்று நெருக்கமான சல்லடைகளில் விடுவோம். கடைசிச் சல்லடையின் கண் கண்ணுக்கே தெரியாது. துணி மாதிரி இருக்கும். அதையும் தாண்டித்தான் நல்ல மண் போகும். ஒரு சல்லடையைப் பார்த்தால் அது எதை நிறுத்தும், எதை விடும் என்று எனக்குத் தெரியும். இந்தக் காரில் இருந்த வலை எங்கள் பட்டறையில் வைக்கோலையும் கூழாங்கல்லையும் நிறுத்துவதற்கு வைத்திருக்கும் முதல் சல்லடையைவிடக் கொஞ்சம்தான் நெருக்கம்.

சொல்லிவிட்டேன். "என்னாங்க, இந்த வலை மணலை நிறுத்தும். மண்ணை நிறுத்தாதுங்க."

"சுருட்டிச் சுருட்டி வெச்சிருக்கான் பாரு. அத்தினி சுருளைத் தாண்டி எப்படிப் போவும்?"

சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போது ஒரு பிடி காய்ந்த மண்பொடியைத் தாளில் மடித்து எடுத்து வந்தேன். வலையைக் கழற்றச் சொல்லி, கீழே ஒரு தாளை விரித்து, மேலே பொடியைத் தூவினேன். கொஞ்சம் ஒட்டியது. மீதி அப்படியே கீழே வந்தது.

அவர் தாளைப் பார்த்தார். "நீ மேலேருந்து கொட்டுற. காத்து அப்படியா கொட்டுது?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் சண்டை போடாமல் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வலைக்குப் பின்னால், கார்புரேட்டருக்குக் காற்று போகும் கழுத்தில், உட்பக்கம் கொஞ்சம் கிரீஸ் தடவி வைப்பது. ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுவது. பிறகு திறந்து பார்ப்பது. வலை தூசியை நிறுத்தினால் கிரீஸ் தடவியபடியே இருக்கும்.

அந்த வாரம் இரண்டு தடவை மண் பள்ளத்துக்கும், ஒரு தடவை பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்கும் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை நானே விரல் விட்டு அந்தக் கிரீஸை வழித்தேன். மஞ்சளாகத் தடவியது சாம்பல் நிறத்தில் வந்தது. அதை மண்ணெண்ணெயில் கரைத்து ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிய வைத்தேன். அடியில் ஒரு வெள்ளைப் படிவு நின்றது. மேலே இருந்ததைக் கொட்டிவிட்டு, படிவைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, வெயிலில் காய வைத்தேன். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தேன்.

"சே, என்னா பண்ற நீ!" என்று அவர் முகத்தைச் சுளித்தார்.

எங்கள் பட்டறையில் மண்ணில் பொடிமணல் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். நல்ல மண் பல்லில் வெண்ணெயாகப் போகும். இது நறநறத்தது. டம்ளரை அவரிடம் நீட்டினேன். அவர் தயங்கித் தயங்கி ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். பல்லைக் கடித்தார். துப்பினார். பானட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. சோறு போடும்போது, "சத்தம் நல்லாத்தான் இருக்குது" என்றேன். "அதுக்கென்னா இப்ப" என்றார்.

மறுநாள் அவரே பாயிடம் போய் டம்ளர் கதையைச் சொல்லியிருக்கிறார். பாய் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு தகவல் கொடுத்தார். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் மங்களூர் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் இதே மாடல் வண்டி ஒன்று எஞ்சின் இறுகிப்போய்ப் பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறதாம். அதில் ஒரிஜினல் சட்டி இருந்தாலும் இருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். விவசாயி வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கலாம். நாங்கள் யார், என்ன வேலை என்று விசாரித்துவிட்டுக் கொட்டகையைத் திறந்து காட்டினார். வண்டிமேல் கடலை மூட்டைகள். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பானட்டைத் திறந்தால், உள்ளே குளவி கூடு கட்டியிருந்தாலும், சட்டி அப்படியே இருந்தது.

"இது மட்டும் போதுமாங்க? வண்டியவே எடுத்துக்கிட்டுப் போங்களேன், கொட்டகையாவது காலியாவும்" என்றார் அந்த அம்மா.

என் கணவர் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அந்த அம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பீங்கான் பட்டறைலயா வேல செய்யறீங்க? அப்ப ரெண்டு ஊறுகா ஜாடி கொண்டாந்து குடுங்க. பெருசா. மாங்கா காலம் வருது, எங்கிட்ட இருந்த ஜாடில கீறல் வுட்டுப் போச்சு."

நான் எங்கள் பக்கத்துப் பட்டறையில் சொல்லி, அரை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு ஜாடிகள் வாங்கினேன். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக, தட்டினால் வெண்கலம் மாதிரி ஓசை வரும் ஜாடிகள். வைக்கோல் சுற்றிப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அம்மா உள்ளே கைவிட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். திரும்பும்போது சட்டியோடு ஒரு பை கடலையும் கொடுத்தனுப்பினார்.

பாய் அந்தச் சட்டியைக் கழுவி எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார். காற்று மேலே நுழைந்து கீழே இறங்கி, எண்ணெய்க்கு மேலே சட்டென்று திரும்பி மறுபடி மேலே போகும். திரும்ப முடியாத தூசி எண்ணெயில் விழுந்துவிடும். தப்பித்துப் போவதும், எண்ணெய் தெறித்து நனைந்த வலையில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பட்டறையிலும் பொடி பறக்காமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துத்தான் பெருக்குவோம். காய்ந்த தூசியை வலையால் பிடிக்க முடியாது. ஈரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை.

சட்டியை மாட்டிய மூன்றாம் நாள் ஒரு கல்யாண வாடகை. மாப்பிள்ளையையும் அவர் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு பெண்ணாடம் போக வேண்டும். அதற்கு முதல்நாள் என் கணவர் சட்டியைத் திறந்து பார்த்து, எண்ணெய் குறைவாக இருப்பதாக நினைத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார். கூடுதலாக இருந்தால் கூடுதலாகத் தூசி பிடிக்கும் என்று எண்ணம். வழியில் வண்டி வேகமெடுத்ததும், அதிகமான எண்ணெய் காற்றோடு எஞ்சினுக்குள் போய்விட்டது. வண்டிக்குப் பின்னால் ரோடே தெரியாத அளவுக்குப் புகை. பின்னால் கல்யாண பஸ்ஸில் வந்தவர்கள் வண்டி தீப்பிடித்துவிட்டது என்று கத்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு குதித்து இறங்கி ஓடியிருக்கிறார்.

முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை பஸ்ஸில்தான் போனார். என் கணவர் புகையோடு மெல்ல உருட்டி வண்டியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"கழட்டி எறியப் போறேன் இந்தச் சட்டிய. பளபளன்னு இருந்ததே மேலு. மாப்புள்ள ஓடுன ஓட்டத்த நீ பாக்கணும். மானம் போச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அவ்வளவுதான் என்று அடக்கிக்கொண்டு, "பாய்கிட்ட காட்டிட்டு அப்புறம் கழட்டலாங்க" என்றேன்.

பாய் சட்டியைப் பார்த்ததும் கேட்டார்: "எவ்வளவு ஊத்துன?"

"முக்கால் சட்டி."

"உள்ள கோடு இருக்குது, பாக்கலியா?"

"கோடா? எங்க கோடு?"

பாயும் தேடினார். கிடைக்கவில்லை. பழைய எண்ணெய்க் கசடு இறுகி, கல்லாகிக் கோட்டை மூடியிருந்தது. பாய் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட, மெல்ல ஒரு பள்ளக் கோடு வெளியே வந்தது. சட்டியின் கால்பாகம்கூட இல்லாத உயரத்தில். "சரியா கழுவாம குடுத்தேன், என் தப்புதான்" என்று பாய் கையெடுத்துக் கும்பிட்டார். என் கணவருக்குக் கோபம் போய்விட்டது. பாய் தப்பை ஒப்புக்கொண்டதைவிட, தன் மீது மட்டும் தப்பில்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

கோடு வரை எண்ணெய் ஊற்றி, மறுபடியும் கழுத்தில் கிரீஸ் தடவி, ஒரு வாரம் ஓட்டினார். இந்தத் தடவை அவரே வழித்துப் பார்த்தார். கிரீஸ் தடவிய நிறத்திலேயே இருந்தது. சட்டியின் அடியிலோ தயிர் ஏடு மாதிரி கெட்டியாகச் சேறு. அதைக் குச்சியால் கிளறிக் காட்டி, "இத்தினி நாளா இதுவா உள்ள போயிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கழற்றும் பேச்சே இல்லை.

அந்த நிக்கல் மூடிச் சாமான் கொஞ்ச நாள் எங்கள் அலமாரியில் இருந்தது. பிறகு பாண்டிச்சேரிக்குத் தார் ரோட்டிலேயே போய் வரும் ஒரு டிரைவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு அது பல வருடம் நன்றாகவே உழைத்தது. அதனால் அதைக் கெட்ட சாமான் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் புழுதிக்கு அது சரிப்படவில்லை, அவ்வளவுதான்.

வண்டியின் உறுமல் போனதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. வெளியே சொல்லவில்லை. அந்த வருடம் தீபாவளிக்குப் பட்டறையில் கொடுத்த போனஸில் நான் ஒரு இரட்டை ஹாரன் வாங்கிக் கொடுத்தேன். ஒன்று கனமாகவும் ஒன்று மெல்லிசாகவும் சேர்ந்து ஊதும். அதை மாட்டிய பிறகு, ஊர் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. சில சமயம் யாருமே இல்லாத ரோட்டிலும் அடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டி கழுவுவது எங்கள் இருவருக்கும் பொது வேலையாகிவிட்டது. அவர் கழற்றிக் கொடுப்பார். நான் சேற்றை வழித்து, மண்ணெண்ணெயில் வலையை அலசி, வெயிலில் கவிழ்த்து வைப்பேன். காய்வதற்குள் டீ போடுவேன். எந்த வாரம் எந்தப் பக்கம் போனார் என்று சேற்றின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வெள்ளை என்றால் மண் பள்ளம். கறுப்பு என்றால் கம்மாபுரம். "உன்கிட்ட சொல்லாம எங்கயும் போவ முடியாது போலிருக்குதே" என்பார். மற்ற நாட்களில் அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு மணி நேரம்தான் கையில் எண்ணெயோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசியது.

எழுபதுகள் முடியும் தறுவாயில், வேறொரு கோளாறுக்காகப் பாய் மறுபடியும் எஞ்சினைத் திறந்தார். போரின் உள்சுவரில் விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தார். தேய்ந்திருந்தால் மேலே ஒரு விளிம்பு நகத்தில் தட்டும். தட்டவில்லை. என் கணவரின் விரலைப் பிடித்து அவரையும் இழுக்கச் சொன்னார். பிறகு என்னையும். வழவழவென்று இருந்தது.

அந்த நேரம் பட்டறையில் ஒரு ஆள் நின்றிருந்தார். பெண்ணாடம் பக்கம் கரும்பு ஏற்றும் டிராக்டர்க்காரர். அவர் வண்டியின் எண்ணெய்ச் சட்டி ஓட்டையாகி, புதிதாக எதைப் போடுவது என்று பாயிடம் கேட்க வந்தவர். பாய் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் அவர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போய்விட்டார்.

"எண்ணெய்ச் சட்டிதான் போடணும். பளபளன்னு விப்பான், ஏமாந்துடாதீங்க. வலை மணலை நிறுத்தும், மண்ணை நிறுத்தாது. நான் அன்னிக்கே சொன்னேன், எங்க வூட்ல நம்பல."

பாய் என்னைப் பார்த்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமாங்க, கோடு வரைக்கும்தான் எண்ணெய் ஊத்தணும், அதையும் சொல்லுங்க" என்றேன்.

"அதான், அதச் சொல்ல வந்தேன்" என்றார் அவர், டிராக்டர்க்காரர் பக்கம் திரும்பி.